மகனின் வலிப்பு நோயும் எங்கள் ஜெபமும்

பிள்ளைக்கு வலிப்பு நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே நம்மைச் சுற்றி இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம், மருந்து இருக்கும்போது ஜெபம் எதற்கு என்பார்கள். இன்னொரு பக்கம், விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்பார்கள். நான் கிறிஸ்தவ விசுவாசி. ஜெபத்தை விட எனக்கு மனம் வராது, மகனின் மூளையை வைத்துப் பரீட்சை பார்க்கவும் மனம் வராது. கணவருக்குக் கப்பல் வேலை, வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். எல்லா முடிவையும் தனியாக எடுத்துக்கொண்டு நடுவில் நின்று அல்லாடிய அந்த நாட்களில், இதே வழியில் போய் வந்தவர் யாராவது என்னை உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அப்படி யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகனுக்கு அப்போது பத்து வயது. விடியற்காலையில் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், உடம்பு விறைத்து, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே சொருகியிருக்கிறது, வாயோரம் நுரை. பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பார்த்த எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியது, அப்புறம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினான். அந்த நேரத்தில் செய்யவேண்டியது அதிகமில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், கழுத்தை இறுக்கும் பொத்தானைக் கழற்றுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே அடுத்தது வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. முதல் தடவை வருகிறது என்றால் ஐந்து நிமிடமெல்லாம் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டியதுதான்.

ஸ்கேன், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் ஈஈஜி எல்லாம் எடுத்து, கொஞ்ச நாளில் இன்னொரு முறையும் வந்தபிறகு, நோய் உறுதியாகி லெவிடிராசிட்டம் ஆரம்பித்தார்கள். மருந்து ஆரம்பித்தால் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். வலிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அதோடு, பூனைக்குட்டியைக்கூட அதட்டாத பிள்ளை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழ ஆரம்பித்தான். அது அந்த மருந்தால் சிலருக்கு வரக்கூடிய பக்கவிளைவு என்று பிறகு டாக்டர் விளக்கினார். சரியான மருந்தும் அளவும் அமைய மாதக்கணக்கில் ஆகலாம், முறையாகச் சிகிச்சை எடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் இருக்கமுடியும் என்றும் அவர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த எழுபது காதில் ஏறவில்லை, மீதி முப்பதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்படிப் பயந்து கிடக்கும்போதுதான் சுகமளிக்கும் கூட்டத்துக்கு வாங்க சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அழுதால் கூடவே அழுகிறவர்கள், என் பிள்ளைக்காக உண்மையாகவே முழங்காலில் நின்றவர்கள். கூட்டம் நடத்தியவரோ மகனை மேடைக்குக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, இது வியாதி அல்ல ஆவி என்றார். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் இயேசு ஆவியைத் துரத்திக் குணமாக்கிய பையனைக் காட்டினார். என் மகன் கூச்ச சுபாவம் உள்ளவன். அவ்வளவு பேர் முன்னால் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, சட்டை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு மனம் சொன்னது. ஒருவேளை இதிலேயே சுகமாகிவிட்டால் என்று இன்னொரு மனம் என்னைக் கட்டிப்போட்டது.

பணம் முதலில் கேட்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு பொருத்தனை செய்யுங்கள் என்றார்கள், பிறகு விசேஷ உபவாச ஜெபத்துக்குக் காணிக்கை, அபிஷேக எண்ணெய்க்குக் காணிக்கை, கடைசியில், சுகம் தாமதமாவதற்குக் காரணம் நீங்கள் பெரிதாக விதைக்காததுதான் என்றார்கள். மகனின் படிப்புக்கென்று சேர்த்ததில் பாதிக்கு மேல் அதில் போனது. நோயாளிப் பிள்ளையின் தாயிடம் கேட்டால் கழுத்தில் கிடப்பதையும் கழற்றிக் கொடுப்பாள், கேட்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். சபைக்குக் காணிக்கை கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் கொடுக்கிறேன். சுகத்துக்கு விலை வைப்பதைத்தான் சொல்கிறேன். இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்று இயேசு சீஷர்களை அனுப்பியதே வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கத்தான், மத்தேயு 10-ஐ எடுத்துப் பாருங்கள். படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டமே பிடித்தது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. நீங்கள் இப்படி ஒரு இடத்தில் இருந்தால், கையில் பணம் இல்லை ஐயா என்று ஒருமுறை சொல்லிப்பாருங்கள். அதற்கு அப்புறமும் அதே அன்போடு ஜெபிக்கிறார்களா, போன் எடுக்கிறார்களா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பணத்தைவிட எனக்குப் பயமாக இருந்தது மாத்திரை விஷயம். ஜெபித்த பிறகும் மாத்திரை கொடுப்பது அவிசுவாசம், நிறுத்தினால்தான் ஆண்டவர் கிரியை செய்வார் என்று நேராகவே சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் தொடர்ந்தேன், ஆனால் ஏதோ திருட்டு வேலை செய்வதுபோல, யாரும் பார்க்காதபோது கொடுத்தேன். வேதத்திலேயே இதற்குப் பதில் இருப்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கர்த்தர் எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுத்தபோதும் ஏசாயா தீர்க்கதரிசி அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கைவைத்தியம் சொன்னார். பவுலோடு பிரயாணம் செய்த லூக்கா வைத்தியன். அற்புதங்கள் செய்த அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று எந்தச் சங்கடமும் இல்லாமல் எழுதுகிறார். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய பிறகு இயேசு அவனை ஆசாரியனிடம் போய்க் காண்பிக்கச் சொல்கிறார், சுத்தமாகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்றைக்கு ஆசாரியனிடம்தான் இருந்தது. கர்த்தர் தந்த சுகம் என்றால் அது டாக்டரின் பரிசோதனையிலும் நிற்கும். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குறைத்துப் பார்க்கும்போதும் நிற்கும். இதை யார் உங்களிடம் மறுத்துப் பேசினாலும் மாத்திரை டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

இரவு முழுக்க ஜெபம் நடந்த ஒரு நாள்தான் எல்லாம் மாறியது. இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலும்தான் போகும் என்ற வசனத்தைச் சொல்லி மகனையும் பகலில் உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தார்கள். உபவாசம் இருக்கமாட்டான், கூட்டத்துக்கு மட்டும் வருவான் என்றேன். ஆனால் தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று என்பது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அதிகாலையில் அவனுக்கு வலிப்பு வந்தது. தரையில் கிடந்து துடிக்கிற பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு, ஆவி வெளியேறுகிறது, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சந்தோஷமாகச் சத்தம் போடுகிறார்கள். இரண்டு பேர் கையை அமுக்குகிறார்கள். ஒரு பையன் போனில் படம் பிடிக்கிறான். “எல்லாரும் தள்ளி நில்லுங்க, அவனைத் தொடாதீங்க, போனைக் கீழே போடு” என்று என் வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, என் கைப்பையைத் தலைக்கு வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. அவன் கண் விழித்து முதலில் கவனித்தது, கால்சட்டை நனைந்திருந்ததை. என் துப்பட்டாவை எடுத்துப் போர்த்தினேன்.

அதோடு அங்கே போவதை நிறுத்தினேன். ஆனால் அவனுக்குள் அது நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் புத்தகப் பையை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்: “அம்மா, எனக்குள்ள பிசாசு இருக்கா? எனக்கே தெரியாம எப்படிம்மா இருக்கும்?” கொஞ்சம் விட்டு, “நான் சரியா விசுவாசிக்காததால தான் போகலையா?” என்றான். பத்து வயசுப் பிள்ளை தன் நோய்க்குத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு இத்தனை நாள் சுமந்திருக்கிறான். இல்லடா, இது மூளையில ஓடுற மின்சாரத்துல வர்ற கோளாறு, நீ எதுவும் தப்பா செய்யல என்றேன். அவனுக்குச் சொல்லிவிட்டேன், எனக்குள் அடங்கவில்லை. மனிதர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் தேவன்மேல் திரும்பியது. வேதத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது, வந்தால் சண்டைதான் வரும். உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் விசுவாசத்தை இழந்துவிட்டோம் என்று பதறாதீர்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று 13-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்கிறார். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஆறுதலாக ஒரு வரி இல்லை. அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்களே என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல்.

பிறகு, யாரும் சொல்லாமல், அந்த மாற்கு 9-ஐ நானே எடுத்து மெதுவாக வாசித்தேன். மேடையில் அவ்வளவு முறை கேட்ட பகுதியில் நான் பார்க்காதது எவ்வளவோ இருந்தது. பையனைக் கொண்டுவந்ததும் இயேசு முதலில் தகப்பனிடம், இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கிறார். எங்கள் நரம்பியல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். பிள்ளையிடம் விசுவாசம் இருக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் ஓடிவருவதைப் பார்த்ததும் இயேசு காரியத்தை முடிக்கிறார், வேடிக்கை பார்க்க விடவில்லை. ஜெபம், உபவாசம் என்று சொன்னதும் குணமாக்க முடியாமல் நின்ற சீஷர்களுக்குத்தான், வியாதிப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லவில்லை. மத்தேயு 4:24-இல் பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும் சந்திரரோகிகளை, அதாவது வலிப்பு நோயாளிகளை, தனியாகவும் வரிசைப்படுத்தியிருக்கிறது, ஆகவே எல்லா வலிப்பையும் பிசாசு என்று முடிவு கட்ட வேதத்திலேயே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தகப்பன். விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடு சொல்கிறான். பாதி விசுவாசம், பாதி பயம். போய் முழு விசுவாசத்தோடு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு விசுவாசம் போதவில்லை, எனக்கு விசுவாசம் போதவில்லை என்றே என்னை அழவைத்தார்கள். அந்தத் தகப்பனிடம் இருந்ததும் அவ்வளவுதானே. அன்றைக்கு ராத்திரி ரொம்ப நாள் கழித்து ஜெபம் பண்ணினேன், அவன் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும்.

வேறொரு சிறிய சபையின் போதகரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்டது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, போன வாரம் எப்படி இருந்தான் என்று. அப்புறம் மகனிடமே, உனக்காக ஜெபிக்கலாமா தம்பி என்று அனுமதி கேட்டார். யாக்கோபு 5-இல் சொல்லியிருக்கிறபடி சபை மூப்பர்கள் வீட்டுக்கு வந்து, நெற்றியில் எண்ணெய் பூசி, சத்தமில்லாமல் சுருக்கமாக ஜெபித்தார்கள். கிளம்பும்போது, மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விட்டுடாதீங்கம்மா என்றார். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த அடையாளங்கள் இவைதான்: டாக்டரை எதிரியாகப் பார்க்கமாட்டார்கள், சுகமாகாவிட்டால் பழியை நோயாளிமேல் போடமாட்டார்கள், மேடையும் கேமராவும் கேட்கமாட்டார்கள், சுகமாவது தாமதமானாலும் வருவதை நிறுத்தமாட்டார்கள். அந்தச் சபையில் வயதான ஒரு அம்மா இருந்தார்கள். ஆறுதல் வசனம் எதுவும் சொல்லமாட்டார்கள். வருவார்கள், “நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு, நான் பிள்ளையப் பாத்துக்கறேன்” என்பார்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் யோபுவுக்கு வேதனை கூடியது. அந்த அம்மாவைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். யாராவது ஜெபித்துக்கொள்கிறோம் என்றால் நன்றி சொல்லி, கூடவே ஒரு வேலையையும் கேளுங்கள், பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, எதுவானாலும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நாலு பேரும் தோள் கொடுத்துத்தான் தூக்கி வந்தார்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள், அதற்கு ஒரு சாயங்காலம்தான் தேவைப்பட்டது.

ஜெபத்தால் பயனில்லை என்று காட்ட ஒரு உறவினர், 2006-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னார். இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்துச் செய்தது. முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை, தங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஒருவேளை அது அவர்களுக்கு மனஅழுத்தமாக ஆகியிருக்கலாம் என்று ஒரு விளக்கமும் உண்டு. அதைக் கேட்டதும் மேடையில் சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு நின்ற என் பிள்ளைதான் கண்முன் வந்தான். எல்லோருக்காகவும் தான் சுகமாகிக் காட்ட வேண்டும் என்ற பாரத்தை அவன்மேல் ஏற்றியிருந்தார்கள். என் விசுவாசம் அந்த ஆய்வால் குறையவில்லை. ஜெபத்தை மருந்து டோஸ் மாதிரி இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு பலன் என்று கணக்குப் பார்ப்பதைத்தான் விட்டுவிட்டேன்.

டாக்டர் இதற்கிடையில் மருந்தை மாற்றி, வால்ப்ரோயேட் ஆரம்பித்து, கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்து, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் கட்டுப்படாவிட்டால் அடுத்த கட்டப் பரிசோதனைகளுக்குப் போகவேண்டும், சிலருக்கு அறுவை சிகிச்சையே வழி என்பதையும் விளக்கினார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வலிப்பு வந்த தேதி, நேரம், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், மாத்திரை தவறியதா என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன், முடிந்தபோதெல்லாம் வலிப்பை, டாக்டருக்குக் காட்ட மட்டும், போனில் படம் எடுத்தேன். அந்த நோட்டுதான் மருந்தைச் சரிசெய்ய ரொம்ப உதவியது என்று அவரே சொன்னார்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் அவனுக்கு வலிப்பு வரவில்லை. பழைய கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், எங்கள் ஜெபத்தால் நடந்தது, வந்து சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வலிப்பு நோயில் இடைவெளி வருவது சகஜம், வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்தால் ஈஈஜிகூடச் சிலருக்கு நன்றாகவே வரும். ஒரு மாதம் வரவில்லை என்றதும் மேடையேற்றி, அடுத்த மாதம் வந்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்? சாட்சி சொன்னவர்கள் பலர் மறுபடி நோய் வந்ததை வெளியே சொல்லமுடியாமல் தனியாகத் தவிக்கிறார்கள், அதில் சிலர் டாக்டரிடம்கூடப் போவதில்லை. இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால் மருந்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுத்திருக்க எங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் போதகர், இந்தக் கதை உன்னுடையது, சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம் என்று மகனிடமே விட்டுவிட்டார். அவன் சில நாள் யோசித்துவிட்டு வந்து, “சொல்றேன், ஆனா மாத்திரை பேரையும் சேர்த்துத்தான் சொல்வேன்” என்றான். தாராளமா சொல்லு தம்பி என்றார் போதகர்.